“எங்களைப் பற்றி” பக்கத்தை யாருய்யா படிக்கிறா?

போன இதழ்ல, தன் கடை வெப்சைட் எப்படி இருக்குன்னு கேட்ட ஒரு வாசகருக்கு “உங்க கடை வெப்சைட்டை முழுசா படிச்சேன், கடை எந்தத் தெருவுல இருக்குன்னு மட்டும் கடைசி வரைக்கும் தெரியலை”ன்னு ஒத்த வரியில பதில் சொல்லியிருந்தேன். அதுக்கு இம்புட்டு கடுதாசி வரும்னு நெனைக்கவே இல்லை. தபால்ல வந்தது, வாட்ஸ்அப்ல வந்தது, மதுரை சிம்மக்கல்லுல டீக்கடையில நிறுத்திக் கேட்டதுன்னு எல்லாத்தையும் சேத்தா இந்தத் தடவை முழுப் பக்கமும் வெப்சைட்டுல என்ன எழுதுறதுங்கிறதுக்கே போயிரும் போல. அரசியல் கேள்வி அனுப்புனவுக கோவிச்சுக்காதீங்க, அடுத்த இதழ்ல பாத்துக்குவோம்.

“மூணு தலைமுறையா சுங்குடிச் சேலை யாவாரம் அண்ணே. மகன் சொன்னான்னு வெப்சைட் போட்டோம். டிசைனுக்கு தனி காசு, கன்டென்ட்டுக்கு தனி காசு, நாப்பது பக்கம் எழுதிக் குடுத்தாக. ஒரு வருசம் ஆச்சு, அதைப் பாத்து ஒரு போன் வரலை. எழுத்துல குறையா, எங்க நேரமா?”
— சுங்குடிக் கடைக்காரர், தெற்கு மாசி வீதி

நேரத்தை ஏண்ணே இழுக்குறீங்க, அது பாவம் என்ன பண்ணுச்சு. உங்க சைட்டைத் தொறந்து பாத்தேன். முதல் வரியே “பாரம்பரியமும் நவீனமும் கைகோர்க்கும் இடம்”. இதைத் தூக்கி ஒரு பல் ஆஸ்பத்திரி போர்டுல வைங்க, பொருந்தும். கல்யாண மண்டபத்துல வைங்க, பொருந்தும். புரோட்டாக் கடைக்குக் கூட பொருந்தும். ஊருல இருக்குற எல்லாருக்கும் சேருற மாதிரி ஒரே ஜாக்கெட் தைச்சுக் குடுத்தா நீங்க வாங்கி விப்பீங்களா?

நான் ஒண்ணு பண்ணேன். போன மாசம் உங்க தெருவுலயே தெரிஞ்ச கடை ஒண்ணுல ஒரு மதியம் சும்மா உக்காந்திருந்தேன். வந்தவுக கேட்டதெல்லாம் என்னன்னா, இது கை முடிச்சா பிரிண்டா, முதல் தண்ணியில சாயம் போகுமா, ரவிக்கைத் துணி சேந்து வருதா, மாமியாருக்கு ஒன்பது கெஜம் கிடைக்குமா, கஞ்சி போடணுமா, பெங்களூருக்கு அனுப்புவீகளா, புடிக்கலைன்னா மாத்திக் குடுப்பீகளா, இவ்வளவுதான். இதுல ஒரு கேள்விக்காவது உங்க நாப்பது பக்கத்துல பதில் இருக்கான்னு தேடிப் பாத்தேன், இல்லைண்ணே. ஆனா “எங்களைப் பற்றி”, “எங்கள் நோக்கம்”, “எங்கள் தொலைநோக்கு”ன்னு மூணு பக்கம் இருக்கு. சேலை எடுக்க வர்றவுக உங்க தொலைநோக்கை வச்சு என்ன பண்ணுவாக?

ஜேக்கப் நீல்சன்னு ஒரு டென்மார்க்காரரு 1997லயே ஆளுகளை உக்கார வச்சு வெப் பக்கத்தைக் குடுத்து எப்படிப் படிக்கிறாகன்னு சோதிச்சுப் பாத்தாரு. 100க்கு 79 பேரு படிக்கவே இல்லை, ஆடு மேயுற மாதிரி அங்க ஒரு வாய் இங்க ஒரு வாய்னு மேஞ்சுட்டுப் போயிட்டாக. வார்த்தை விடாம படிச்சது 16 பேருதான். அது பெரிய கம்ப்யூட்டர் திரை இருந்த காலம், இப்ப பஸ்ஸுல ஒத்தக் கையில போனைப் புடிச்சுக்கிட்டுப் பாக்குறாக. அதனால மொத ரெண்டு வரியிலயே என்ன விக்கிறீங்க, எங்க இருக்கீங்க, விலை எதுல இருந்து எது வரைக்கும்னு வந்துரணும். “விலைக்கு அழைக்கவும்”னு போடாதீங்க, நம்ம ஊரு ஆளுக விலை தெரியாம கடை வாசப்படி மிதிக்க மாட்டாக, போன் மட்டும் பண்ணிருவாகளா?

உங்களுக்கு மட்டுமே தெரிஞ்ச விசயம் ஒண்ணு இருக்கு, அதைத்தான் எழுதணும். கை முடிச்சு சுங்குடியில நூலால கட்டிக் கட்டி சாயத்துல முக்கிப் பிரிக்கிறதால ஒரு புள்ளி மாதிரி இன்னொரு புள்ளி இருக்காது, ஓரம் லேசா பிசிறும், புதுச் சேலையில முடிச்சு இருந்த எடம் சுருக்கமா நிக்கும். மெழுகு பிரிண்டுல, அச்சு பிரிண்டுல எல்லாப் புள்ளியும் பள்ளிக்கூடத்துப் பிள்ளைக யூனிஃபார்ம் போட்ட மாதிரி ஒண்ணாவே இருக்கும். 2005ல புவிசார் குறியீடு வாங்குன பொருளு, ஆனா இன்னைக்கு சுங்குடின்னு விக்கிறதுல எது முடிச்சு எது அச்சுன்னு வாங்குறவுகளுக்குத் தெரியுறதில்லை. நீங்க ரெண்டையும் பக்கத்துல பக்கத்துல வச்சு கிட்டக்க ஒரு போட்டோ எடுத்து, இது இந்த விலை, இது அந்த விலை, வித்தியாசம் இதுன்னு நேர்மையா ஒரு பக்கம் எழுதிப் போடுங்க. எழுத வரலைன்னா கடையில பெரியவுக யாராச்சும் பேசுறதைப் போன்ல ரெக்கார்ட் பண்ணி அதை அப்படியே அடிக்கச் சொல்லுங்க. நாப்பது பக்கத்துல முப்பத்தஞ்சைத் தூக்கிறலாம், ஒண்ணும் குடி முழுகாது.

“ஒரு பக்கத்துல 1500 வார்த்தை இருந்தாத்தான் கூகுள்ல மேல வரும்னு ஒரு வீடியோவுல சொன்னாய்ங்க. உண்மையா?”
— ஆனையூர் வாசகர்

இல்லை. எங்களுக்குப் புடிச்ச வார்த்தைக் கணக்குன்னு ஒண்ணு கிடையாதுன்னு கூகுளே எழுதி வச்சிருக்கு. வீடியோவுல சொன்னவருக்கு வீடியோ பத்து நிமிசம் ஓடணும், அது வேற கணக்கு.

“அண்ணா, காலேஜ் முடிச்சுட்டு வீட்ல இருந்தே ஒரு ஏஜென்சிக்கு கன்டென்ட் எழுதுறேன். முன்னாடி ஒரு நாளைக்கு ரெண்டு கட்டுரை, இப்ப ஏஐ இருக்குல்லன்னு சொல்லி பத்து கேக்குறாங்க. ஏஐ வச்சு எழுதுனா கூகுள் தண்டிக்கும்னும் சொல்றாங்க. இந்த வேலையில இருக்கவா, டிஎன்பிஎஸ்சிக்குப் படிக்கவா?”
— திருமங்கலம் வாசகி

டிஎன்பிஎஸ்சி எப்ப வேணா படிக்கலாம் தங்கச்சி, அதை நான் வேண்டாம்னு சொன்னா உங்க அப்பா என்னைத் தேடி வந்துருவாரு. வேலையைப் பத்தி மட்டும் சொல்றேன்.

2010ல நானும் இதே பொழப்புல இருந்தவன்தான். மதுரையில ஒரு மாடி ரூம்ல பன்னெண்டு பேரு, வெளிநாட்டு கம்பெனிகளுக்கு இங்கிலீஷ்ல கட்டுரை, வார்த்தைக்கு பதினஞ்சு காசு. புல்லு வெட்டுற மிசினைப் பத்தி நான் மட்டும் இருநூறு கட்டுரை எழுதிருக்கேன், அந்த மிசினை என் வாழ்க்கையில கண்ணால பாத்ததில்லை. எழுதுனதை எடுத்து “நல்ல”ன்னு இருந்தா “சிறந்த”, “சிறந்த”ன்னு இருந்தா “தரமான”ன்னு மாத்தி ஒண்ணை இருபதாக்குற சாஃப்ட்வேர் வேற வச்சிருந்தாய்ங்க. 2011 பிப்ரவரியில கூகுள் தன்னோட தேடல்ல பாண்டான்னு ஒரு மாத்தம் கொண்டு வந்துச்சு, கரடி இல்லை, அதைச் செஞ்ச இன்ஜினியர் பேரு நவ்னீத் பாண்டா. இந்த மாதிரி ஒப்பேத்துன பக்கமெல்லாம் ஒரேயடியா கீழ போயிருச்சு, எங்க கிளையன்ட்டுக ஒவ்வொருத்தரா கழண்டாய்ங்க, வெயில் காலம் முடியுறதுக்குள்ள மாடி ரூம்புக்குப் பூட்டு. ரெண்டு மாச சம்பளம் எனக்கு இன்னும் வரணும்.

இப்ப உங்க கேள்விக்கு வாரேன். ஏஐ வச்சு எழுதுனதுக்காகவே தண்டிக்க மாட்டோம், படிக்கிறவுகளுக்கு உபயோகமா இருக்கான்னுதான் பாப்போம்னு 2023 பிப்ரவரியில கூகுள் சொல்லிருச்சு. ஆனா 2024 மார்ச்சுல, மேல வரணும்ங்கிறதுக்காகவே பக்கத்தை மூட்டை மூட்டையா தயார் பண்ணிக் கொட்டுனா அது ஸ்பேம், மனுசன் எழுதுனாலும் சரி மிசின் எழுதுனாலும் சரின்னு விதி போட்டுச்சு. அப்ப உங்க ஏஜென்சி கேக்குற பத்து கட்டுரை எந்தப் பக்கம் விழும்னு நீங்களே சொல்லுங்க.

ஏஐகிட்ட சித்திரைத் திருவிழா பத்தி எழுதச் சொல்லிப் பாத்தேன். தமிழ் அழகா வந்துச்சு, குத்தமே சொல்ல முடியாது, ஆனா மீனாட்சி கல்யாணமும் அழகர் ஆத்துல எறங்குறதும் ஒரே நாள்னு எழுதிருச்சு. அழகர் கல்யாணத்துக்கு லேட்டாத்தானய்யா வந்தாரு, கதையே அதுதான! இதை நம்ம ஊருல அஞ்சு வயசுப் பிள்ளை கண்டுபுடிச்சிரும், ஆனா சென்னையில உக்காந்து அதை வாங்கிப் போடுற ஆளுக்குத் தெரியாது, அதை நம்பி ட்ரெயின் டிக்கெட் போட்டு வர்றவன் தேதி மாறி வந்து நிப்பான். அந்த மாதிரித் தப்பு உங்க கண்ணுல படும் பாருங்க, அதுக்குத்தான் இனிமே காசு. ஏஐ வச்சு தலைப்பு யோசிங்க, இலக்கணப் பிழை பாக்கச் சொல்லுங்க, வேண்டாம்னு சொல்லலை. ஆனா திருமங்கலத்துல இருக்குற ஒரு அரிசி ஆலைக்கு எழுதணும்னா பஸ் ஏறிப் போய், ஆலையில நின்னு, அந்த மேஸ்திரிகிட்ட நாலு கேள்வி கேட்டு எழுதுங்க. கூகுள் தன்னோட தர விதியில 2022 டிசம்பர்ல “அனுபவம்”ங்கிறதை தனியா சேத்ததும் இதுக்குத்தான். இப்படி எழுதுனா ஒரு நாளைக்கு பத்து வராது, ஒண்ணு வரும். அதுக்கு ஏஜென்சி ஒத்துக்க மாட்டாக. ஆலைக்காரரை நேராவே பிடிங்க.

“நான் ஓய்வு பெற்ற தமிழாசிரியர். 2004 முதல் எங்கள் பகுதிக் கண்மாய்கள், குன்றுகள், கல்வெட்டுகள் பற்றி எழுதி வலையேற்றி வந்தேன். அன்று பாமினி எழுத்துரு. இன்று திறந்தால் ‘என்ன சார், இங்கிலீஷ்ல கிறுக்கியிருக்கு’ என்கிறார்கள் பழைய மாணவர்கள். இவ்வளவும் வீண்தானா?”
— மேலூர் வாசகர்

ஐயா, வீண் இல்லை, ஒரு எழுத்து கூட வீண் இல்லை. உங்க கடுதாசியைப் படிச்சுட்டு ராத்திரி ரொம்ப நேரம் அந்தப் பக்கங்களையே பாத்துட்டிருந்தேன்.

நடந்தது இதுதான். பாமினி மாதிரி பழைய எழுத்துருவுல தமிழுக்குன்னு தனி எடம் கிடையாது, இங்கிலீஷ் எழுத்தோட எடத்துல தமிழ் உருவத்தை வரைஞ்சு வச்சிருந்தாக. நீங்க “அம்மா”ன்னு அடிச்சது கம்ப்யூட்டருக்குள்ள எம், கே, அரைப்புள்ளி, கே, எச்னுதான் கெடக்கு. அந்த எழுத்துரு இருக்குற மிசின்ல அம்மா, இல்லாத மிசின்ல கிறுக்கல். எல்லா மொழி எழுத்துக்கும் தனித் தனி எடம் குடுக்குற யூனிகோடுங்கிற முறையில தமிழுக்கு 1991ல வந்த முதல் பதிப்புலயே எடம் குடுத்துட்டாக, தமிழ்நாடு அரசும் 2010ல அதைத்தான் தரம்னு ஏத்துக்கிச்சு, ஆனா அதுக்கு முன்னாடி அடிச்சதெல்லாம் யாராச்சும் மாத்தி வைக்கிற வரைக்கும் அப்படியேதான் இருக்கும்.

வயித்தெரிச்சல் என்னன்னா, உங்க பக்கத்துல அரிட்டாபட்டி பத்தி எம்புட்டு எழுதி வச்சிருக்கீங்க! 2022 நவம்பர்ல அதை பல்லுயிர் பாரம்பரியத் தலமா அறிவிச்சப்பவும், 2024 கடைசியில டங்ஸ்டன் சுரங்கப் பிரச்சனை வந்தப்பவும் தமிழ்நாடே அரிட்டாபட்டின்னு தேடுச்சு. உங்க எழுத்து யாரு கண்ணுலயும் படலை, ஏன்னா கூகுளுக்கு அது தமிழே இல்லை.

மாத்துறதுக்கு இலவசமாவே கன்வர்ட்டர் இருக்கு, ஒட்டுனா யூனிகோடா வரும். பழைய மாணவர்ல ஒருத்தரைப் புடிச்சு உக்கார வைங்க, ஆனா மாத்துனதும் அப்படியே ஏத்திறாதீங்க. உங்களுக்கே தெரியும், கௌரியை “கெ” போட்டு பக்கத்துல “ள” போட்டு கெளரின்னு அடிக்கிற பழக்கம் நம்மாளுகளுக்கு உண்டு, கண்ணுக்கு ஒண்ணா தெரியும், தேடுனா கிடைக்காது. அதே மாதிரி “ர” வர வேண்டிய எடத்துல துணைக்காலை அடிச்சு வச்சிருப்பாக, “மதுரை”ல இருந்து “ஊரணி” வரைக்கும் இந்த வியாதி இருக்கும். இதைப் பிடிக்க எந்த சாஃப்ட்வேரை விடவும் நாப்பது வருசம் பரிட்சைப் பேப்பர் திருத்துன கண்ணுதான் லாயக்கு. சிவப்புப் பேனாவை எடுங்க ஐயா.

இன்னொண்ணு, பக்கத்தோட முகவரியை மாத்த வேண்டாம், அதே முகவரியில புது எழுத்தை வைங்க. யாராச்சும் ஆராய்ச்சிக் கட்டுரையில உங்க லிங்க்கைக் குறிச்சு வச்சிருப்பாக. வெப்பைக் கண்டுபுடிச்ச டிம் பெர்னர்ஸ் லீயே 1998ல நல்ல முகவரின்னா மாறக் கூடாதுன்னு தனியா எழுதி வச்சாரு.

“ராமேஸ்வரம், கொடைக்கானலுக்கு டாக்ஸி ஓட்டுறோம். சைட்டை தமிழ்ல வைக்கவா, இங்கிலீஷ்லயா?”
— மாட்டுத்தாவணி வாசகர்

உங்க வண்டியில ஏறுறவுக யாரு? வடநாட்டுல இருந்து ராமேஸ்வரம் போற கூட்டம்னா இங்கிலீஷ் முதல்ல. ஊருக்குள்ள இருக்குற பெரியவுகளை ஏத்துறதுன்னா தமிழ், அவுக இப்ப அடிக்கிறது கூட இல்லை, மைக்கை அமுக்கிப் பேசித்தான் தேடுறாக. ரெண்டும் வேணும்னா ரெண்டு தனித் தனிப் பக்கம், ஒரே பக்கத்துல பாதி பாதி கலக்காதீங்க. எந்த மொழியா இருந்தாலும் ராமேஸ்வரம் 170 கிலோமீட்டர் சொச்சம், ரேட்டுல டோல் சேந்திருக்கா, டிரைவர் பேட்டா எவ்வளவு, ராத்தங்குனா எவ்வளவுன்னு போடுங்க. எறங்குற எடத்துல நடக்குற சண்டை பூராம் இந்த மூணாலதான்.

“எங்க மண்டபத்து சைட்டுல வாடகை பழசு, போன் நம்பர் பழசு, 2019 ஆடி ஆஃபர் இன்னும் ஓடிட்டிருக்கு. ஓனர் என்னை வைறாரு, நான் டிசைனரை வைறேன், டிசைனர் போனை எடுக்குறதில்லை. இதை யாரு சார் பாக்கணும்?”
— மண்டப மேனேஜர், ஒத்தக்கடை

நீங்கதான். கோவப்படாதீங்க, வாடகை ஏறுனா முதல்ல தெரியுறது உங்களுக்குத்தான, டிசைனருக்கு எப்படித் தெரியும்.

ஒரு மண்டபத்து சைட்டுல “முழுவதும் ஏசி”ன்னு பாத்துட்டு எங்க சித்தி பேத்திக்கு சித்திரை மாசம் காதுகுத்து வச்சோம். போனா ஏசியைக் கழட்டி ரெண்டு வருசம் ஆச்சாம், சைட்டுல மாத்த மறந்துட்டாகளாம். மொட்டை போட்ட பிள்ளை வீறிட்டு அழுக, தாய்மாமன் மடியை விட்டு எந்திரிக்க முடியாம வேர்வையில நனைய, நான் தாம்பூலத் தட்டை வச்சு விசிறியே தோள்பட்டை போச்சு. எழுதுனவன் பொய் எழுதலை, எழுதுன அன்னைக்கு அது உண்மைதான்.

நம்ம ஊரைப் பத்தி வெளியூர்க்காரன் எழுதி வச்சிருக்குறதைப் பாருங்க, மீனாட்சி கோயிலுக்குள்ள போன் கொண்டு போறதுக்கு 2018ல இருந்து தடை, இன்னமும் டிக்கெட் வாங்குனா போன்ல படம் எடுக்கலாம்னு சொல்ற பக்கம் கெடக்கு. கோயிலுக்கு எதுத்தாப்புல புது மண்டபம்னு இருக்குற பழைய மண்டபத்துக் கடைகளை குன்னத்தூர் சத்திரத்துக்கு மாத்தியாச்சு, டெய்லரைத் தேடி வர்றவுக இன்னும் புது மண்டபத்துத் தூணுகளைச் சுத்திட்டுத் திரியுறாக.

ஒரு நோட்டு போடுங்க, கம்ப்யூட்டர் ஷீட் கூட வேண்டாம், மண்டபத்து கணக்கு நோட்டு போதும். எந்தப் பக்கம், யாரு பொறுப்பு, கடைசியா என்னைக்கு சரி பாத்தது, இந்த மூணு மட்டும். மூணு மாசத்துக்கு ஒரு தடவை, முகூர்த்தம் இல்லாத நாளாப் பாத்து உக்காந்து வாடகை, நம்பர், வசதி மூணையும் படிச்சுப் பாத்து தேதி போட்டுருங்க. ஆடி ஆஃபர் மாதிரி நாள் முடிஞ்ச சமாச்சாரத்தை ஏத்துற அன்னைக்கே எறக்குற தேதியையும் அந்த நோட்டுல எழுதிருங்க. ஒரு பக்கத்தையே எடுக்குறதா இருந்தா சும்மா அழிக்காம, பழைய முகவரிக்கு வர்றவுக புதுப் பக்கத்துக்குப் போற மாதிரி 301னு ஒரு வழிமாத்து இருக்கு, அதைப் போடச் சொல்லுங்க, இல்லைன்னா வர்றவுக மூஞ்சியில 404, பக்கம் காணோம்னு கதவு அடிக்கும்.

அப்புறம் உங்க ரேட் கார்டு பூராம் வாட்ஸ்அப்ல சுத்துற போஸ்டர் மாதிரி படமா இருக்கு. கண்ணு தெரியாதவுக அதைத் தொட்டா, திரையில இருக்குறதை வாசிச்சுச் சொல்ற அவுக போன் வாசிப்பான் பல நேரம் “படம்”னு மட்டும்தான் சொல்லும், நல்லா கண்ணு தெரிஞ்சவுகளே ரெண்டு விரலால இழுத்து இழுத்துப் பாக்கணும். வாடகையை எழுத்தா அடிங்க.

இதெல்லாத்தையும் விட முக்கியம், உங்க சைட்டோட டொமைன், அதாவது அந்த முகவரிப் பேரு, யாரு பேருல பதிவாயிருக்குன்னு இன்னைக்கே பாருங்க. டிசைனர் பேருல இருந்தா, போனை எடுக்காத டிசைனர் கையில உங்க ஓனரோட போர்டு மாட்டுன வாசக் கதவு சாவி இருக்குன்னு அர்த்தம். அவரு வீட்டுக்கே போய் உக்காருங்க, பேரை மாத்தி வாங்கிட்டு டீ குடிச்சுட்டு வாங்க.

“நாங்க கொலு பொம்மை செய்யுறோம் சார். வருசா வருசம் ‘கொலு 2021’, ‘கொலு 2022’ன்னு புதுசு புதுசா பக்கம் போடுறோம், ஆனா தேடுனா பழைய வருசத்துப் பக்கம்தான் வருது. இதுல எங்க படத்தையும் எழுத்தையும் எடுத்து வேற ஒருத்தவுக அவுக சைட்டுல போட்டுட்டாக. என்ன செய்ய?”
— விளாச்சேரி வாசகி

வருசத்தை முகவரியில வச்சா அந்த வருசத்தோட அது கெழடாயிரும்மா. கொலு பொம்மைன்னு வருசம் போடாம ஒரே முகவரி வச்சுக்கங்க, பழைய பக்கங்களை எல்லாம் நான் மேல சொன்ன 301 வழியா அங்க திருப்பி விட்டுருங்க, வருசா வருசம் அதே பக்கத்துல படத்தையும் விலையையும் மாத்துங்க. அதையும் புரட்டாசி பொறந்தப்புறம் மாத்தாதீங்க. வெளியூர்ல இருந்து ஆர்டர் குடுக்குறவுக உடையாம வந்து சேரணுமேன்னு முன்னாடியே தேட ஆரம்பிச்சிருவாக, ஆடியிலயே பக்கம் தயாரா இருக்கணும்.

திருடுனதுக்கு வருவோம். 1957ம் வருசத்து பதிப்புரிமைச் சட்டப்படி நீங்க எடுத்த படமும் எழுதுன எழுத்தும் எடுத்த நிமிசத்துல இருந்து உங்களது, எங்கயும் பதிவு பண்ணியிருக்கணும்னு அவசியம் இல்லை. முதல்ல அவுகளுக்கு மரியாதையா ஒரு மெயில். கேக்கலைன்னா கூகுள்ல இதுக்குன்னே புகார் ஃபாரம் இருக்கு, உங்க பக்கம் எது, அவுக பக்கம் எதுன்னு குடுத்தா தேடல்ல இருந்து எடுக்குறதுக்குப் பரிசீலிப்பாக. யாரு முதல்ல போட்டதுன்னு காட்டணும்னா, பழைய வெப் பக்கங்களைச் சேத்து வைக்கிற இன்டர்நெட் ஆர்க்கைவ்ல உங்க பக்கத்தோட பழைய நகல் தேதியோட இருக்கான்னு பாருங்க, இல்லைன்னா இனிமே ஏத்துற ஒவ்வொரு தடவையும் நீங்களே அங்க ஒரு நகல் சேத்து வச்சிருங்க.

ஆனா ஒண்ணு, நீங்க போட்டிருக்குற படமெல்லாம் வெள்ளைத் துணிக்கு முன்னாடி பளபளன்னு நிக்கிற பொம்மை, அதை யாரு வேணா தங்களதுன்னு சொல்லிக்கலாம். கண்மாய் மண்ணைக் கொழைக்கிற கை, திண்ணையில வரிசையா காயிற பெயிண்ட் அடிக்காத பிள்ளையாரு, அச்சுல இருந்து எடுக்கும்போது மூக்கு ஒடைஞ்சு போன ஒரு கிருஷ்ணன், இதையெல்லாம் எடுத்துப் போட்டு கீழ நீங்க பேசுற மாதிரியே எழுதுங்க. எடுத்துட்டுப் போனாலும் அவுக சைட்டுல ஒட்டாது. எனக்கு ஒரு செட்டியார் பொம்மை செட்டு எடுத்து வைங்க, விலையைப் பக்கத்துல போட்டதும் பாத்துட்டு வாரேன்.